பழைய செட்டிநாட்டு வீடு: இரண்டாம் கட்டில் வைஃபை கிடைக்கவில்லை, போன் அப்டேட்டும் பாதியில் நிற்கிறது

பின்கட்டுப்_பேரன்:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீடு. அப்பத்தாவும் துணைக்கு ஓர் அக்காவும்தான் அங்கே இருக்கிறார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். பத்து நாள் விடுப்பில் வந்து, வந்த நாள் முதல் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பத்தாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு 2.8 ஜிபி அளவில் ஓர் அப்டேட் வந்திருக்கிறது. ராத்திரி சார்ஜில் போட்டு, டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் 37 சதவீதம். மறுநாள் 41. அதற்குமேல் அசையவில்லை. அவர் படுக்கும் அறை இரண்டாம் கட்டில். வைஃபை தரும் ஃபைபர் பெட்டி முகப்பில். நடுவில் வளவு, அதாவது திறந்த முற்றம். காலடி வைத்து அளந்ததில் 35 மீட்டருக்குக் குறையாது. சுவர்கள் ஏறத்தாழ இரண்டடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், அந்த அறையில் போன் இரண்டு கோடு காட்டுகிறது, சில நேரம் மூன்று. ஆனால் வீடியோ கால் வந்தால் முகம் உறைந்துபோகிறது. கடையில் கேட்டேன், ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டர் ஒன்றைக் காட்டி "இது தெருவுக்கே எடுக்கும்" என்றார்கள். வாங்கலாமா? சுவரில் ஓட்டை போடுவதற்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போன் செத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

சும்மா_ஒரு_யோசனை:

ரிப்பீட்டர் ஒன்று வாங்கி அப்பத்தா அறையில் செருகிவிடுங்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், நன்றாக வேலை செய்கிறது.

முறுக்குக்கம்பி:

அபார்ட்மென்ட்டில் நாலரை அங்குலச் சுவர், எடுபடும். இங்கே எடுபடாது. ரிப்பீட்டர் தனக்கு வருவதைத்தான் திருப்பிச் சொல்லும். அந்த அறைக்கே ஒழுங்காக வராததை அது எங்கிருந்து சொல்லும்? வைப்பதானால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், மலிவான ரிப்பீட்டர்களில் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே ரேடியோதான். ஒரு விஷயத்தை இரண்டு தடவை காற்றில் அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும்.

கோடு கதைக்கு வருவோம். போனில் தெரிகிற கோடு, ரூட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். போன் பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. ரூட்டருக்குத் தொண்டை பெரியது, போனுக்குச் சின்னது. மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர் கடைசி வரிசைக்கும் கேட்பார், கடைசி வரிசையில் இருப்பவர் முனகினால் அவருக்குக் கேட்காது. ரூட்டரில் ஆறு ஆன்டெனா வைத்தாலும் போனின் தொண்டை பெரிதாகாது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விவரம் தேவை. பெட்டி முகப்பில் சரியாக எங்கே இருக்கிறது? வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, கட்டில் பக்கத்தில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்குப் பக்கமான எண் (மைனஸ் 60, 50 போல) என்றால் வீடியோ ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு.

பின்கட்டுப்_பேரன்:

கட்டில் பக்கத்தில் மைனஸ் 86. வளவில் தூண் பக்கம் நின்றால் மைனஸ் 70. பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முகப்பில் பெரிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று முன்னால் சாய்ந்தபடி தொங்குகிறது. அதன் பின்னால் இருக்கிற சந்தில், பார்க்க அசிங்கமாக இருக்கக் கூடாது என்று சொருகி வைத்திருக்கிறார்கள்.

முறுக்குக்கம்பி:

ஆகா. கண்ணாடியின் முதுகில் இருப்பது உலோகப் பூச்சு. உங்கள் வைஃபையின் ஒரு பங்கு அதில் பட்டுத் திரும்பிச் சுவருக்கே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பெட்டியை வெளியே எடுத்து, வளவைப் பார்த்த கதவுநிலைக்குப் பக்கத்தில் தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். இரும்புப் பெட்டி, பீரோ எதுவும் அருகில் வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது. வளவு திறந்த வெளி. காற்றில் 15 மீட்டர் போவது வைஃபைக்கு ஒரு பொருட்டே இல்லை, அந்த இரண்டடிச் சுவர்தான் எமன். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அங்கேயே படுத்துவிடும், 2.4 தட்டுத்தடுமாறி உள்ளே போகும். அதனால் சுவரைத் தாண்டும் வேலையைக் காற்றிடம் விடாமல் கம்பியிடம் கொடுங்கள். வீட்டில் பழைய ரூட்டர் ஏதாவது கிடக்கிறதா?

ஓய்வுபெற்ற_லைன்மேன்:

அதற்குள் அப்டேட்டைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன் தம்பி. வைஃபை சரியாகும் வரை அது ஏன் காத்திருக்க வேண்டும்? போனைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போங்கள்! பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அரை மணியில் முடிகிற வேலை.

போவதற்கு முன் இடம் இருக்கிறதா பாருங்கள். 2.8 ஜிபி இறக்கினால் அதை விரித்து நிறுவ இன்னும் இடம் கேட்கும். பெரியவர்கள் போனில் எங்கே இடம் போகும் என்று எனக்குத் தெரியும்: வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் பூக்களும் கோயில் வீடியோக்களும்தான். அப்புறம் அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய், அளவுக் கட்டுப்பாடு உள்ள இணைப்பு என்று யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா பாருங்கள். குறித்திருந்தால் பெரிய டவுன்லோடைப் போன் தானாக நிறுத்தி வைக்கும்.

கரண்ட் பயம் வேண்டாம். போனுக்குள்தான் பேட்டரி இருக்கிறதே, பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டவுன்லோடு நடுவில் நின்றால் ஒன்றும் கெடாது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற பிரதியைத் தொடாமல் சும்மா இருக்கிற பிரதியில் புதியதை நிறுவும். ரீஸ்டார்ட் செய்யும்போது அதற்கு மாறும், அது எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். எல்லாப் போனிலும் இப்படி இல்லை. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரையில் நிறுவுகிறேன் என்று கோடு ஓடினால் அது பழைய முறை, அப்போது மட்டும் பட்டனை அமுக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

பின்கட்டுப்_பேரன்:

அப்டேட் ஏறிவிட்டது, நன்றி ஐயா! 11 ஜிபி பூவும் சாமியும் இருந்தது. அழிப்பதற்கு முன் அப்பத்தா ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி கொடுத்ததில் ஒரு மதியம் போனது.

ஆனால் புதுச் சிக்கல். அப்டேட் முடிந்ததும் வைஃபையை மறந்துவிடு என்று கொடுத்து, மறுபடி கடவுச்சொல் போட்டு இணைத்தேன். இணைய மாட்டேன் என்கிறது. கடவுச்சொல் சரிதான், என் போன் அதே கடவுச்சொல்லில் ஓடுகிறது. அப்டேட்தான் கெடுத்துவிட்டதா?

சும்மா_ஒரு_யோசனை:

ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்கள்.

முறுக்குக்கம்பி:

தயவுசெய்து போடாதீர்கள். ரூட்டரில் யாராவது மேக் முகவரிப் பட்டியல் (மேக் முகவரி என்பது போன் வைஃபையில் காட்டும் அடையாள எண்) போட்டு, அதில் இருக்கிற போன்களை மட்டும் அனுமதி என்று வைத்திருக்கிறார்களா?

பின்கட்டுப்_பேரன்:

ஆமாம்! இணைப்பு வாங்கியபோது சித்தப்பா மகன்தான் எங்கள் எல்லாருடைய போனையும் பதிந்து கொடுத்தான். தெருப் பிள்ளைகள் திருடக் கூடாதாம்.

முறுக்குக்கம்பி:

அதேதான். ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக இணைக்கும் ஒவ்வொரு வைஃபைக்கும் போன் தன் சொந்த மேக் முகவரியைக் காட்டாமல் ஒரு புனைமுகவரியைக் கொடுக்கும். போகிற இடமெல்லாம் நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. ஐபோனிலும் ஐஓஎஸ் 14 முதல் இது உண்டு. உங்கள் தம்பி அன்றைக்கு அப்பத்தா போனில் சொந்த முகவரியைத் தேர்ந்தெடுத்துப் பதிந்திருப்பான். நீங்கள் மறந்துவிடு என்றதும் அந்தத் தேர்வும் சேர்ந்து போய்விட்டது. வாசலில் காவல்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்டேட்மேல் பழி இல்லை.

வைஃபை அமைப்பில் தனியுரிமை என்ற இடத்தில் சொந்த மேக் என்று மாற்றினால் சரியாகிவிடும். நான் சொல்வேன், அந்தப் பட்டியலையே எடுத்துவிடுங்கள். மேக் முகவரி காற்றில் மறைப்பில்லாமல்தான் போகிறது, திருட நினைப்பவன் அதைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்வான். நீளமான கடவுச்சொல் ஒன்று போதும்.

பின்கட்டுப்_பேரன்:

பட்டியலை எடுத்தேன், இணைந்துவிட்டது. பெட்டியையும் இடம் மாற்றினேன், கட்டில் பக்கத்தில் மைனஸ் 79 ஆகியிருக்கிறது. பரணில் பழைய ரூட்டர் ஒன்று கிடைத்தது, உயிரோடு இருக்கிறது. கம்பியை எப்படிக் கொண்டுபோவது?

முறுக்குக்கம்பி:

கேட் 6 நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்கு 45 போதும். வளவின் குறுக்கே வானத்தில் கட்டாதீர்கள். வெயில், மழை, இடி மூன்றும் அதன் மேல் விழும். தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில், உத்திரத்தை ஒட்டிச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கதவுநிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட சந்து இருக்குமே, அதில் நுழைத்தால் ஓட்டையே வேண்டாம்.

பழைய ரூட்டரில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், உங்கள் பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால். டிஎச்சிபி-யை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அதில் அணைத்துவிடுங்கள், இது முக்கியம். கேபிளை இணையத்துக்கான துளையில் செருகாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் உள்ளதே இருக்கட்டும். 2.4-இல் முகப்புக்கு 1-ஆம் சேனல், இதற்கு 11.

பின்கட்டுப்_பேரன்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். டிஎச்சிபி-யை அணைத்தேன், ஆனால் சேமி என்பதை அமுக்கவில்லை போல. ஒரு நாள் முழுக்க வீட்டில் சில போன் ஓடியது, சில போன் ஓடவில்லை, இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. கண்டுபிடித்து மறுபடி அணைத்த பிறகு எல்லாம் ஒழுங்கு. கட்டில் பக்கத்தில் மைனஸ் 46. பழைய ரூட்டரின் துளை 100 மெகாபிட்தான் என்பதால் வேகம் 90-ஐத் தாண்டவில்லை, அப்பத்தாவுக்கு அது ஏராளம்.

ஒன்று மட்டும் பாக்கி. அவர் முகப்பிலிருந்து பின்னால் நடந்து வந்தாலும் போன் முகப்பு ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது, வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாறுகிறது.

முறுக்குக்கம்பி:

எப்போது விடுவது என்பது போனின் முடிவு. முகப்புப் பெட்டியில் 2.4-இன் அனுப்பும் சக்தியை நடுத்தரமாகக் குறையுங்கள். வளவைத் தாண்டும்போது அதன் குரல் தேய்ந்தால் போன் தானாக அடுத்ததைத் தேடும்.

பின்கட்டுப்_பேரன்:

குறைத்தேன், இரண்டாம் கட்டு வாசற்படியிலேயே மாறிவிடுகிறது. இன்று காலை அடுப்படியில் இருந்தபடி துபாயில் இருக்கும் அத்தையோடு இருபது நிமிடம் முகம் பார்த்துப் பேசினார். காலை வணக்கப் பூக்களும் மறுபடி சேர ஆரம்பித்துவிட்டன.