அலுமினியத்துக்குள் இருந்த இழுவை

முதுகலைக் கடைசி ஆண்டில் என் சாம்பிள், சிலிக்கான் கார்பைடு துகள் கலந்து வார்த்த அலுமினியம். சூடாக்கி ஆறவிட்டால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு சுருங்கும். சிலிக்கான் கார்பைடு 4 பங்கு போலத்தான். அதனால் ஆறிய பிறகு துகள் நெருக்கப்பட்டும், சுற்றியுள்ள அலுமினியம் இழுபட்டும் நிற்க வேண்டும்.

எனக்கு வந்ததோ நேரெதிர். படிகத்தில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும்; அதுதான் பீக். உள்ளே இழுவையோ அமுக்கமோ இருந்தால் பீக் இடம் நகரும். குரோமியம் எக்ஸ்-கதிர்க் குழாயில் 139 டிகிரி பக்கம் வரும் 311 பீக்கை (311 என்பது அணு அடுக்கைக் குறிக்கும் எண்), சாம்பிளைச் சாய்த்துச் சாய்த்து அளந்தேன். (அந்தப் பெரிய கோணத்தை விடாதீர்கள். அதே திரிபுக்கு, அதாவது அதே நீள மாற்றத்துக்கு, 58 டிகிரியில் வரும் 111 பீக்கைவிட ஏறக்குறைய 5 மடங்கு நகரும்.) ஒவ்வொரு முறையும் அலுமினியம் அமுக்கத்தில் இருப்பதாகவே காட்டியது. மெஷினைச் சந்தேகப்பட்டு, தகைவு (உள்ளே தங்கிய இழுவை அல்லது அமுக்கம்) இல்லாத இரும்புத் தூளை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பூஜ்ஜியம்.

அப்புறம் லேப் அண்ணன் ஒருவர் கேட்டார்: "கடைசியா எந்த எமரி பேப்பர்ல தேய்ச்சே?"

இந்தக் கதிர் அலுமினியத்துக்குள் போகும் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. தேய்த்த தேய்ப்பில் அந்த மேல்தோல் முழுக்க அமுங்கிக் கிடந்தது. இரண்டு வாரமாக அதைத்தான் அளந்திருக்கிறேன். மின்பகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒவ்வொரு தடவையும் அளந்தேன். அமுக்கம் குறைந்துகொண்டே வந்து, பூஜ்ஜியத்தைத் தாண்டி, இழுவை தெரிந்தது. அந்தச் சாயங்காலத்தை மறக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: கரைவது அலுமினியம் மட்டும்தான். துகள்கள் துருத்திக்கொண்டு பிடி தளர்ந்துவிடும். அந்த முகத்தில் துகளின் தகைவை அளந்து நம்பாதீர்கள்.

பதில்:

நாங்கள் வேலை செய்வது எப்பாக்சி என்ற பிசினில் கார்பன் இழையை அடுக்கிச் செய்யும் பலகைகளில். எப்பாக்சிக்குப் படிக ஒழுங்கு இல்லாததால் கூரான பீக்கே வராது. 1970களில் பாரெட், பிரெடெக்கி என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழியில், அடுக்குகளுக்கு நடுவே அலுமினியத் தூளைத் தூவி அதன் பீக்கை வாசித்தோம். பிசின் இழுபட்டால் தூளும் சேர்ந்து இழுபடும். ஆனால் அதிகம் தூவினால் ஒட்டு கெட்டுவிடும். எங்கள் முதல் பலகை அந்த இடத்திலேயே பிளந்தது. தூவுவதற்கு முன் அதே தூளின் பீக்கைத் தனியாக அளந்து வைத்துவிடுங்கள். உள்ளே போனபின் ஒப்பிட அந்த எண் ஒன்றுதான் இருக்கும்.