சென்சார் நோட்டை மரத்தில் கட்டுவதற்கு முன்னால் கூஜா சிமுலேட்டரில் எதையெல்லாம் ஓட்டிப் பார்க்கணும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் மண் ஈரம் பார்க்கும் வயர்லெஸ் நோட் (சென்சார், ரேடியோ, பேட்டரி உள்ள சின்னப் பெட்டி) வைக்கிறவர்களுக்காக இது. மரத்தில் கட்டியபின் ஃபர்ம்வேரில் (சிப்பில் ஏற்றும் நிரலில்) பிழை தெரிந்தால் நிரை நிரையாக நடந்து ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றணும்.

கொன்டிக்கி-என்ஜி என்பது இந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்கான இயங்குதளம்; அதன் கூஜா, நோட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். அதில் நோட்டை இரண்டு விதமாக ஓட்டலாம். ‘கூஜா மோட்’ (மோட் என்றாலும் நோட்தான்) நிரலைக் கம்ப்யூட்டருக்கே கம்பைல் செய்து ஓட்டும். ‘ஸ்கை மோட்’டில் எம்எஸ்பி430 சிப்பே மென்பொருளாக இருக்கும், சிப்பில் ஏற்றும் அதே ஃபைல்தான் அங்கே ஓடும். முதலாவது வேகம். ஆனால் அதை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போகக் கூடாது.

12 மணி நேரத்துக்கு ஒரு முறை அனுப்ப 43200 விநாடியை ‘இன்ட்’டில் (முழு எண் வைக்கும் வகை) வைத்தால் கம்ப்யூட்டரில் பிரச்சினை இல்லை, அங்கே இன்ட் 32 பிட். எம்எஸ்பி430-இல் 16 பிட்தான், 32767-க்கு மேல் தாங்காது. 43200 போய் -22336 ஆகிவிடும். கழிந்த நேரமும் குறியுள்ள (மைனஸும் ஆகக்கூடிய) எண் என்றால் ‘இடைவெளி முடிந்ததா’ என்பதற்கு எப்போதும் ‘ஆமாம்’தான். ரேடியோ ஓயாது, பேட்டரி தீர்ந்துவிடும். ஸ்கை மோட்டில் இது முதல் நிமிடத்திலேயே மாட்டும். உங்கள் பலகையில் இருப்பது என்ஆர்எஃப்52840 சிப் என்றால், அதையும் மென்பொருளாக ஓட்டும் ரினோட் எமுலேட்டரில் ஓட்டுங்கள்.

பதில்:
அண்ணன் சொன்னது சிப் பக்கம். ரேடியோ பக்கம் கூஜாவின் இயல்பு அமைப்பு நமக்கு ஒத்துவராது: 50 மீட்டர் வட்டத்துக்குள் எல்லாப் பேக்கெட்டும் போய்ச் சேரும். நனைந்த மட்டை 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சுகிற இடத்தில் ஏது வட்டம்?

இரண்டு நோட்டை, கட்டப்போகும் அதே உயரத்தில் வைத்து, இரு திசையிலும் ஆயிரம் பேக்கெட் அனுப்பி எண்ணுங்கள். காய்ந்த நாளில் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை. போகும்போது 920, வரும்போது 610 என்று வந்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் திசைவாரியாக வாய்ப்பைக் கொடுக்கவிடும் கூஜாவின் டிஜிஆர்எம் ரேடியோ அமைப்பில் 0.92, 0.61 என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டுக்கும் சராசரி எடுக்காதீர்கள். பேக்கெட் கிடைத்தது என்ற ஒப்புதல் திரும்பி வரணுமே. ஒரு முயற்சி முழுதாக முடிய ஏறக்குறைய 0.56தான் வாய்ப்பு. மறுமுயற்சி எண்ணிக்கையை இதை வைத்துத்தான் முடிவு செய்யணும்.

ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றி இருபது தடவையாவது ஓட்டுங்கள். ஓட்டத்தின் நடுவில் நடு நோட் ஒன்றை நீக்கிவிட்டு, வேறு வழி பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

பதில்:
நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் மில்லிவிநாடிக் கணக்கு 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பும். அதுவரை காத்திருக்க வேண்டாம், எண்ணியை உச்சத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் இருந்தே தொடங்குங்கள். ‘இப்போது அடுத்ததைவிடப் பெரிதா’ என்று நேராக ஒப்பிட்ட இடமெல்லாம் உடையும். இரண்டையும் கழித்து, விடையைக் குறியுள்ள எண்ணாகப் பார்த்தால் தாங்கும்.

கடிகார விலகலும் போடணும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகுள்ள கடிகாரப் படிகம் ஒரு நாளில் 1.7 விநாடி பிசகும்; இரண்டு நோட் எதிரெதிராகப் பிசகினால் 3.5 விநாடி. விழித்துக் கேட்கும் சாளரம் அதைவிடச் சின்னதாக இருந்து, நாளுக்கு ஒருமுறைதான் நேரத்தைச் சரிசெய்கிறீர்கள் என்றால் ஒன்றையொன்று தவறவிடும்.

பெட்டிக்குள் நீர் இறங்குவதும், அனுப்பும்போது பேட்டரி வோல்ட் சரிவதும் எமுலேட்டரில் தெரியாது. அதற்கு மூன்று நோட்டை ஒரு மழைவாரம் வெளியே விட்டுத்தான் பார்க்கணும்.