பையனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது: திருப்பி அடிக்கவா, போய்ச் சொல்லவா?

பாமணிக்கரை:
என் மகன் மன்னார்குடியில் ஏழாவது படிக்கிறான். மாலை டவுன் பஸ்ஸில்தான் ஊருக்கு வருவான். ஒன்பதாவது பையன்கள் நாலைந்து பேர் அவன் பையைப் பிடுங்கிக் கடைசி சீட்டுக்கு வீசுகிறார்கள். "ஊமை, வந்து எடுத்துக்கோடா" என்று ஒரே சிரிப்பு. பையை மீட்பதற்குள் இறங்கும் இடம் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததும் உண்டு. "ஒருத்தன் மூக்கை உடைச்சிட்டு வா, அப்புறம் எவனும் தொட மாட்டான்" என்கிறார் என் மாமனார். வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் சொல்லலாம் என்கிறாள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

வடுவூர் ரைடர்:
மாமனார் சொன்னதுதான் சரி அண்ணே. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் கபடி மைதானத்தில்தான் கிடப்பார்கள். மண்ணில் விழுந்து எழுந்தவன் பார்வையே வேறு.

கணக்கு டீச்சர்:
மைதானத்துக்கு அனுப்புங்கள் சார், மூக்கை உடைக்க மட்டும் அனுப்பாதீர்கள். இவன் ஒருவனை அடித்தால் மறுநாள் எட்டுப் பேர் வருவார்கள். பள்ளியிலும் அடித்தவன் பெயர்தான் முதலில் எழுதப்படும்.

என் வகுப்பில் இதை நடித்துப் பழகச் சொல்கிறேன். ஒருவன் பையைப் பிடுங்குவான், இன்னொருவன் திருப்பிக் கேட்க வேண்டும். முதல் தடவை வகுப்பே சிரிக்கும், கேட்கிறவனும் சேர்ந்து இளிப்பான். அந்த அசட்டுச் சிரிப்பைத்தான் முதலில் நிறுத்துகிறேன். "அவனும் சிரிச்சான் மிஸ்" என்று தப்பித்துக்கொள்ள அது வசதி. கெஞ்சலும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் வேண்டாம். காலை ஊன்றி நின்று, "என் பையைக் கொடு" என்று கண்டக்டர் காதில் விழுகிற மாதிரி ஒரே தடவை. கொடுக்கவில்லையா, நேரே கண்டக்டரிடம். மறுநாள் ஏறியதும் முன் சீட்டு. வீட்டில் நீங்களே பையைப் பிடுங்கிப் பழக்குங்கள். முதலில் குரலே வராது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்:
கேட்க நன்றாக இருக்கிறது டீச்சர். 2023இல் திருநெல்வேலிப் பக்கம் நாங்குநேரியில் என்ன நடந்தது? சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்கே வராமல் நின்றுவிட்ட பையன், ஏன் என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னான். வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு போட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி, 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. டெல்டாவில் மட்டும் யார், எந்தத் தெரு என்று பார்க்காமலா சீண்டுகிறார்கள்? கூலிக்காரர் மகன் குரலை உயர்த்தினால் மறுநாள் அவன் அப்பாவுக்கு நடவு வேலை இருக்காது.

வடுவூர் ரைடர்:
எதற்கெடுத்தாலும் சாதியா? பஸ்ஸில் பசங்க விளையாட்டு இது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்:
விளையாட்டு என்றால் அவர்கள் பையும் ஒருநாளாவது பறந்திருக்குமே தம்பி.

கணக்கு டீச்சர்:
கேட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் வாயைத் திறந்தது தப்பில்லை, திறந்த பிறகு அவனுக்குக் காவல் இல்லாமல் போனதுதான் தப்பு. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் பள்ளிகளில் சீண்டலைத் தடுக்க உருவாக்கிய கீவா திட்டம் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளையும் சேர்த்தே பழக்குகிறது. சீண்டுகிறவனுக்குச் சிரிப்புச் சத்தம்தானே கூலி? அந்த பஸ்ஸில் உங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரிக்காமல் இவன் பக்கத்தில் உட்காரட்டும்.

வடுவூர் ரைடர்:
பின்லாந்தில் ஃபுட்போர்டில் தொங்குவார்களா டீச்சர்?

மகாமகக்குளம்:
நடுவில் ஒன்று. பள்ளியில் வைத்திருக்கும் "மாணவர் மனசு" புகார்ப் பெட்டியில் சீட்டு போடலாம் என்பார்கள். என் மகள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. யார் போட்டது என்று அடுத்த பீரியடுக்குள் ஊருக்கே தெரியும். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டுக்கும் வீட்டிலிருந்தே பேசலாம்.

பாமணிக்கரை:
கண்டக்டர் தெரிந்தவர்தான், நாளைக்கே பேசுகிறேன். எங்கள் தெருவில் அதே பஸ்ஸில் வரும் இரண்டு பையன்களிடமும் சொல்கிறேன். கபடிக்குப் போகிறாயா என்று கேட்டேன், போகிறானாம். அந்தப் பையன்கள் வீட்டுக்கு நானே நேரில் போகட்டுமா?

நீடாமங்கலம் ரயில்வே கேட்:
போகாதீர்கள். தெருச் சண்டையாகிவிடும். பள்ளியில் எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வடுவூர் ரைடர்:
எழுதுங்கள், எழுதுங்கள். கையெழுத்து வருவதற்குள் பையன் எட்டாவது போய்விடுவான்.