கேம் ஷாட்கன், நிஜ ஷாட்கன்: வீட்டுக்குள் எது உண்மை?

ராத்திரி_ஆட்டம் கேட்டது:
பப்ஜி, ஃப்ரீ ஃபயர், கவுன்டர் ஸ்ட்ரைக் என எதை எடுத்தாலும் ஷாட்கன் கதை ஒன்றுதான். முகத்துக்கு நேரே சுட்டால் ஆள் காலி, கொஞ்சம் தள்ளிப் போனால் கொசு கடித்த மாதிரி. ஆனால் வீட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் "குறியே பார்க்க வேண்டாம், கதவுப் பக்கம் நீட்டி அழுத்தினால் போதும்" என்கிறார்கள். நிஜத்தில் குண்டு எவ்வளவு விரியும்? அடி வாங்கியவன் பறந்து போய் விழுவானா? தோட்டா ஏற்றப் பம்ப் இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவானா?

குழல்பன்னிரண்டு பதில்:
கேம் சொல்வதும் தப்பு, அந்த அறிவுரையும் தப்பு.

12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறிது) குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. 2¾ அங்குலத் தோட்டாவில் பெரிய குண்டு வகையான டபுள் ஆட் பக்‌ஷாட் போட்டால் ஒரே தோட்டாவுக்குள் வழக்கமாக 8 அல்லது 9 குண்டு. ஒவ்வொன்றும் 8.4 மி.மீ., எடை 3.5 கிராம். சோக் (குழல் வாயைக் குறுக்கும் பாகம்) இல்லாத குழலில் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. தோட்டாவுக்குத் தோட்டா மாறும், ஆனாலும் மனக்கணக்குக்கு இது போதும். கட்டிலிலிருந்து கதவு 3 மீட்டர் என்றால் 8 செ.மீ. விரிவு. 5 மீட்டரில் 14 செ.மீ. குண்டுகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போகும் வாட் (தோட்டாவுக்குள் குண்டுகளைத் தாங்கும் கோப்பை) வைத்த தோட்டாக்களும் இருக்கின்றன. அவை அறைத் தூரத்தில் ஏறக்குறைய ஒரே ஓட்டைதான் போடும். ஆக, வீட்டுக்குள் ஷாட்கனையும் ரைஃபிள் மாதிரியே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். குழலை அறுத்தால் குடை மாதிரி விரியும் என்பதும் கேம் புத்திதான். விரிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சோக்கும் வாட்டும்.

கேம்காரர்கள் தெரியாமல் செய்யவில்லை. நிஜ பக்‌ஷாட் 25 மீட்டரிலும் ஆளைக் கொல்லும். அதை அப்படியே வைத்தால் மேப்பில் வேறு துப்பாக்கியை யாரும் தொட மாட்டார்கள். அதனால் விரிவைக் கூட்டி, தூரம் போகப்போக டேமேஜைக் குறைக்கிறார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் நோவாவில் 9 குண்டு, எண்ணிக்கை சரி, விரிவுதான் கட்டுக்கதை. 1993இல் வந்த டூம் கேம் இன்னும் வேடிக்கை: 7 குண்டும் பக்கவாட்டில் மட்டும் விரியும், மேலே கீழே விரியவே விரியாது. ஃப்ரீ ஃபயரில் எம்1887 ஷாட்கனுக்கு இரண்டே தோட்டா. நிஜ வின்செஸ்டர் 1887இன் தோட்டாக் குழாயில் 5 போகும்.

நியூட்டன்_பேரன் பதில்:
பறப்பதைப் பற்றி. 9 குண்டும் சேர்ந்து 31 கிராம் சொச்சம், வேகம் வினாடிக்கு 400 மீட்டர் என்று வையுங்கள். உந்தம் (நிறை × வேகம்) சுமார் 12.6. அத்தனையும் 70 கிலோ ஆள் மேல் இறங்கினாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 18 செ.மீ. அவ்வளவுதான். எதிராளி பறந்தால் சுட்டவரும் பின்னால் பறக்க வேண்டுமே!

சத்தம் விஷயம்: பயந்து ஓடுபவன் ஓடுவான், ஆயுதத்தோடு வந்தவன் நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வான். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ராத்திரி_ஆட்டம்:
அப்போ பறவை சுடும் சின்ன பால்ரஸ் தோட்டா போட்டால்? சுவரைத் தாண்டாதே, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லையே?

குழல்பன்னிரண்டு:
7½ நம்பர் பால்ரஸ் ஒன்று 2.4 மி.மீ. தான், ஓர் அவுன்ஸில் சுமார் 350 இருக்கும். காயம் பார்க்கக் கோரமாக இருக்கும், ஆழம் போகாது. அமெரிக்க எஃப்.பி.ஐ. ஜெலட்டின் சோதனையில் (சதைக்குப் பதில் ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பது) எதிர்பார்ப்பது 30 முதல் 45 செ.மீ. ஊடுருவல், பால்ரஸ் அதில் பாதியைக்கூட எட்டாது. தடுக்க வேண்டியவரைத் தடுக்காமல் போகலாம். அதே பால்ரஸ் கிட்டத்தில் சுட்டால் கொத்தாகப் போய் ஜிப்சம் பலகைத் தடுப்பைத் துளைத்துவிடும். அதாவது நீங்கள் நினைத்த இரண்டு நன்மையும் இல்லை. பக்‌ஷாட் அப்படிப்பட்ட தடுப்புகள் பலவற்றைத் தாண்டும். செங்கல் சுவர் வேறு கதை.

கேமில் குறி தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடும், கூட்டாளி மேல் பட்டாலும் பல கேம்களில் ஒன்றும் ஆகாது. வீட்டில் 9இல் 2 தவறினால் அந்த இரண்டும் எங்கேயோ போய்த்தான் நிற்கும். எந்தத் திசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். டார்ச்சும் கட்டாயம்: எதிரி தலைக்கு மேல் சிவப்புப் பெயர் தெரியாது.

ஸ்பிரிங்_திருகாணி பதில்:
கேமில் ஜாம் ஆகாது என்பதால் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

பம்பில் (கைப்பிடியை முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) அடிக்கடி நடக்கும் தப்பு அரைகுறை இழுப்பு. பதற்றத்தில் கைப்பிடியைக் கடைசிவரை பின்னால் இழுக்காவிட்டால் காலித் தோட்டா வெளியே வராது, அல்லது அடுத்தது ஏறாது. விசையை அழுத்தினால் 'டிக்'. செமி ஆட்டோவில் (அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெடிமருந்து குறைந்த தோட்டா போட்டால் போல்ட் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பாகம்) முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கும். இனர்ஷியா வகையாக (சுடும்போது வரும் உதைப்பால் இயங்குவது) இருந்தால் தோளில் தளர்வாகப் பிடித்தாலும் அதே கதி.

இதைவிட மோசம் 20 கேஜ் தோட்டாவை 12 கேஜில் போடுவது. சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) தாண்டி வழுக்கிப் போய்க் குழலில் உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி காலி என்று நினைத்துப் பின்னால் 12 ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான்.

சேஃப்டி பொத்தானையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான பம்புகளில் அது விசையை மட்டும்தான் பூட்டும். சேம்பரில் தோட்டாவோடு கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் சுத்தியல் நழுவி வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் சேம்பர் காலியாக இருக்க வேண்டும், துப்பாக்கி சுவரோடு திருகிய பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும், குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நியூட்டன்_பேரன்:
நீளத்தை விட்டுவிட்டீர்கள். 18 அங்குலக் குழல் என்றாலும் துப்பாக்கி மொத்தம் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். கேமில் மூலை திரும்பும்போது குழல் கதவு நிலையில் இடிக்காது. இங்கே இடிக்கும், உங்களுக்கு முன்னால் அது எட்டிப் பார்க்கும், எதிரி பிடித்து இழுக்கலாம். தனியாக அறை அறையாகத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் ஒரே அறையில், கதவு பூட்டி, போலீசுக்குப் போன். 140 டெசிபலுக்கு மேல் ஒரே சத்தம் போதும் காதைக் கெடுக்க, ஷாட்கன் அதைத் தாண்டும். மூடிய அறையில் சுட்டபிறகு போனில் மறுமுனை பேசுவது கேட்காது. அதனால் போன் முதலில்.