மறுமொழி: எக்சர்சைஸ் பிபி (உடலுழைப்பின்போது அளக்கும் ரத்த அழுத்தம்), தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பயிற்சி அழுத்தம்' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரிதான். ஆனால் ஓட்ட வீரரிடம் 'பயிற்சி அழுத்தம் அதிகமா?' என்று கேட்டால், பயிற்சியாளர் படுத்தும் பாட்டைத்தான் சொல்ல ஆரம்பிப்பார். மனஅழுத்தம், பணியழுத்தம் என்று அந்தச் சொல் வேறு பக்கம் போய் நாளாகிறது. முன்னால் 'குருதி' நிற்காமல் முடியாது. 'பயிற்சி'யும் இடிக்கிறது: பல மாதப் பழக்கமும் அதுதான், இந்த நிமிட ஓட்டமும் அதுதான்.

என் முன்மொழிவு: உழைப்புநிலைக் குருதியழுத்தம். ஓய்வுநிலைக் குருதியழுத்தத்துக்கு நேர் இணையாக நிற்கும். நீளம் என்று நினைப்பவர்கள் அட்டவணையில் 'ஓய்வுநிலை', 'உழைப்புநிலை' என்று இரண்டு தலைப்பு போட்டுக்கொள்ளலாம்.

> அதிகமானால் 'உயர் குருதியழுத்தம்' போதாதா?

போதாது. ஓட்டத்திலோ மிதிவண்டியிலோ பளு ஏற ஏறச் சுருக்கழுத்தம் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம், பிபியின் மேல் எண்) ஏறத்தான் வேண்டும். விரிவழுத்தம் (இதயம் விரியும்போதுள்ளது, கீழ் எண்) பெரும்பாலும் அப்படியே நிற்கும் அல்லது சற்று இறங்கும். உச்சத்தில் சுருக்கழுத்தம் 200 மி.மீ. பாதரசம் தொடுவது இயல்பு. அதே 200 சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வந்தால் கதை வேறு. உழைப்பின்போது ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190 என்ற எல்லையைப் பலரும் வைத்திருக்கிறார்கள். தேர்ந்த வீரர் மற்றவர்களால் எட்ட முடியாத பளுவை எட்டுகிறார், அவர் இதயம் அவ்வளவு குருதியைத் தள்ளுகிறது; அதனால் அந்த எல்லையைத் தாண்டவும் செய்வார். பளு எத்தனை வாட் என்று பக்கத்தில் எழுதாத எண்ணை நான் நம்புவதில்லை. ஆகவே 'உழைப்புநிலை மிகையழுத்தம்'. முந்தைய மடலில் வந்த 'மிகையுழைப்பு அழுத்தம்' வேண்டாம். அதில் மிகையாவது உழைப்பு, அழுத்தமல்ல.

இன்னொன்று, நம் சொற்பட்டியல் வரைவில் விரிவழுத்தத்துக்கு 'ஒலி மறையும்போதுள்ள அழுத்தம்' என்று விளக்கம் இருக்கிறது. கைப்பட்டையின் காற்றை இறக்கும்போது தமனியில் ஸ்டெதஸ்கோப் வழியே கேட்கும் ஒலிதான் அது. ஓய்வில் சரி. கடும் உழைப்பில் பட்டையின் காற்று முழுக்க இறங்கி முள் சுழிக்கு (பூஜ்யத்துக்கு) வந்த பிறகும் ஒலி கேட்டுக்கொண்டிருக்கலாம். விரிவழுத்தம் சுழி என்றா எழுதுவது? ஒலி மங்கும் இடத்தையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ஓடுபொறிமேல் (டிரெட்மில்) காலடிச் சத்தத்துக்கு நடுவே இதைக் காதில் பிடிப்பதே பெரும்பாடு. வீரர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கையை இதய மட்டத்தில் தளர்வாகத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பளு தூக்குவோர் விஷயம் தனி. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், கைத் தமனிக்குள் நுண்குழாய் செலுத்தி அளந்தபோது, இரு கால்களாலும் பளுவை உந்துகையில் சராசரி 320/250 வந்தது. மூச்சைப் பிடித்துத் தம் கட்டுவதும் இதற்கு ஒரு காரணம். தூக்கும்போது விருட்டென்று ஏறி, இறக்கியதும் விழுந்துவிடுவதைக் கைப்பட்டையால் பிடிக்க முடியாது. நுண்குழாயோ, விரலில் பட்டை கட்டி ஒவ்வொரு துடிப்பிலும் அளக்கும் விரல்பட்டைக் கருவியோ வேண்டும். இதற்கு 'தொடர் கண்காணிப்பு' என்பது தளர்வான பெயர்; 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாள் முழுதும் அளக்கும் கருவிக்கும் அதையே சொல்கிறோம். மாதவாரி, வட்டவாரி போல 'துடிப்புவாரி அளவீடு' எனலாமா?

ஓட்டம் நின்றபின் அழுத்தம் ஓய்வுநிலைக்கும் கீழே சில மணிநேரம் இறங்கியிருக்குமே, அதற்கு 'பின்தணிவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'தாழ்வு' என்றால் நோயாகக் கேட்கிறது. மாற்று இருந்தால் எழுதுங்கள்.