கொட்டேஷனில் எந்த வரியில் பேரம் பேசுவது?

நெல்லைச் சீமை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி, 1.2 லிட்டர் பெட்ரோல், நடு வேரியண்ட். திருநெல்வேலி ஷோரூமில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். ஷோரூம் விலை 8,74,000. சாலை வரி 1,13,620. பதிவு மற்றும் இதர செலவு 9,500. இன்சூரன்ஸ் 48,200. ஹேண்ட்லிங் 7,500. ‘எசென்ஷியல் கிட்’ 21,900. கூடுதல் வாரண்டி 14,300. ஃபாஸ்டேக் 600. ஆகமொத்தம் 10,89,620 ரூபாய். இதில் 15,000 தள்ளுபடி, அதுவும் டிசம்பர் 31க்குள் பில் போட்டால் மட்டும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அப்பா மேலப்பாளையம் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டு விலை பேசிய மனிதர். எடுத்த எடுப்பில் ஒரு லட்சம் குறைத்துக் கேட்க வேண்டும் என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சான், கார் விலையெல்லாம் கம்பெனி வைப்பது, பேசினால் நாம்தான் பட்டிக்காட்டான் போலத் தெரிவோம் என்கிறார். அம்மாவுக்கு விலை ஒரு பொருட்டே இல்லை. மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்பதோடு சரி.

மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. கடன் ஆறு லட்சம் வாங்குவதாக உத்தேசம். இந்தத் தாளில் நியாயமாக எதைக் குறைக்கச் சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பில்லிங் அக்கா

தம்பி, மதுரையில் ஒரு கார் ஷோரூமின் பில்லிங் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். இதே மாதிரித் தாள்களை அச்சடித்துக் கொடுத்த கை என்னுடையது. உன் அப்பா சொல்வது பாதி சரி, மச்சான் சொல்வது மீதிப் பாதி சரி. மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிறவரைக் கண்டால் ஷோரூமில் எல்லோருக்கும் கொண்டாட்டம். ஒரு வரியில் பத்தாயிரத்தை இறக்கிவிட்டு, இன்னொரு வரியில் பன்னிரண்டாயிரத்தை ஏற்றிவிடலாம். வாங்குகிறவர் சிரித்த முகத்தோடு போவார். ஆகவே வரி வரியாகப் பேசு.

ஷோரூம் விலை கம்பெனி வைப்பது, ஜிஎஸ்டியும் அதற்குள் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் உன் கார் வகைக்கு அது 18 சதவீதம். அதற்கு முன்னால் வாங்கியவர்களின் பில்லை ஆதாரமாகக் காட்டாதே. அந்தக் கணக்கே வேறு. சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 8,74,000க்குப் போட்டுப் பார், 1,13,620 சரியாக வரும். இந்த இரண்டு வரிகளிலும் வாயைத் திறக்க வேண்டாம், நேரம்தான் வீண்.

அடுத்தது ‘பதிவு மற்றும் இதர’. காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனைப் பதிவுச் சான்றில் ஏற்ற 1,500. அட்டை, சேவைக் கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி என்று இன்னும் சில உண்டு. எல்லாவற்றுக்கும் அரசு ரசீது வரும். “ரசீதில் உள்ளதைப் பைசா குறையாமல் கட்டுகிறேன், மீதி எதற்கு?” என்று மென்மையாகக் கேள். மேசைக்கு அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சு நிற்கும். பிறகு மேலாளரைக் கேட்டுவிட்டு வருவதாக எழுந்து போவார்கள். போகட்டும், நீ எழாதே.

ஹேண்ட்லிங் 7,500. ஆலையிலிருந்து வண்டியைக் கொண்டுவருவது, கிடங்கில் நிறுத்துவது, கழுவித் துடைத்துக் கொடுப்பது எல்லாம் விற்கிறவர் வேலை. அதற்கான ஆதாயம் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இந்த வரியை எடுக்கச் சொன்ன எவருக்கும் எங்கள் கவுண்டரில் கடைசி வரை மறுத்ததில்லை. கேட்காதவர்கள் கட்டினார்கள், அவ்வளவுதான். “இது எந்த விதிப்படி, எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் போதும்.

இப்போது இன்சூரன்ஸ். அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை அதன் பிரீமியம் 10,640, வரியோடு 12,555. இது அரசு நிர்ணயித்தது, எங்கே வாங்கினாலும் ஒன்றே. உன் தாளில் 48,200 இருக்கிறதே, அதில் இதைக் கழித்தால் மிஞ்சும் 35 ஆயிரத்துச் சொச்சம் பெரும்பாலும் சொந்தச் சேதக் காப்பீடும் அதன்மேல் அடுக்கிய ‘ஆட்-ஆன்’ என்ற கூடுதல் காப்புகளும்தான். பேச்சு இந்த 35 ஆயிரத்தில் நடக்க வேண்டும். அவர்களிடம் முழு விவரம் வாங்கு: ஐடிவி (வண்டி திருடுபோனாலோ முழுதும் சேதமானாலோ கிடைக்கும் உச்சத் தொகை) எவ்வளவு, ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானம் கழிக்காத இழப்பீடு) உண்டா, எஞ்சின் பாதுகாப்பு உண்டா, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள். அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களோடு வெளியே ஒரு கொட்டேஷன் எடு. ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது வெளியிலும் நடக்கும், அதில் ஏமாறாதே. ஷோரூமிலேயே காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் என் யோசனை, வெளிக் கொட்டேஷனைக் காட்டி அவர்களையே அந்த விலைக்கு இறக்கச் சொல். விபத்து நேர்ந்தால் அதே சர்வீஸ் சென்டரில் கையிலிருந்து பணம் கட்டாமல் வேலை முடியும். அந்த வசதிக்கு ஓரிரண்டு ஆயிரம் கூடக் கொடுக்கலாம், பதினைந்தாயிரம் கொடுக்கக் கூடாது.

எசென்ஷியல் கிட் என்பது மிதியடி, மட்-ஃப்ளாப், சீட் கவர், ஒரு வாசனைக் குப்பி, டேஷ்போர்டில் ஒட்டும் பிள்ளையார். பிள்ளையாருக்கும் சேர்த்து விலை உண்டு! மிதியடியை மட்டும் எடுத்துக்கொள், அல்லது அதை இலவசமாகக் கேள், பெரும்பாலும் தருவார்கள். கூடுதல் வாரண்டி நல்லதுதான், ஆனால் இன்றைக்கே வாங்க வேண்டும் என்பதில்லை. பல கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம், தாமதிக்கத் தாமதிக்க விலை சற்று ஏறும்.

கடைசியாகத் தள்ளுபடி. இதற்கு இரண்டு பை உண்டு. ஒன்று கம்பெனி கொடுப்பது, இன்னொன்று டீலர் தன் லாபத்திலிருந்து கொடுப்பது. கம்பெனி கொடுக்கும் 15,000ஐத் தன் கையிலிருந்து தருவது போல முகத்தை வைத்துக்கொள்வது விற்பனைப் பிரதிநிதிக்குப் பயிற்சியிலேயே வந்துவிடும். “கம்பெனி சலுகை எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு?” என்று பிரித்துக் கேள். உன் மனைவி ஆசிரியை என்றாயே, அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் பல கம்பெனிகளில் தனிச் சலுகை உண்டு. அடையாள அட்டை நகல் போதும், ஆனால் பில் அவர் பெயரில் இருக்க வேண்டியிருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்பாவின் ஒரு லட்சம் நடக்காது. சிறிய காரில் டீலருக்கு நிற்பது சில சதவீதம்தான். அதிலிருந்து ஒரு லட்சம் கேட்டால் உன்னை வாங்குகிற ஆளாகவே நினைக்க மாட்டார்கள். ஹேண்ட்லிங், கிட், இதர, இன்சூரன்ஸ் இவற்றைச் சரிசெய்தாலே முப்பது, நாற்பதாயிரம் இறங்கும். அதன்மேல் டீலர் பங்கு என்று ஒரு பத்து வந்தால் நல்ல பேரம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஒரு மாறுபட்ட குரல். இத்தனை கணக்குப் போட்டு அந்த விற்பனைப் பையனின் வயிற்றில் அடிக்க வேண்டுமா? பத்து லட்சம் கொடுக்கிறவர் ஏழாயிரத்துக்கு வாதாடுகிறார். நான் அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினேன். இன்றும் சர்வீஸுக்குப் போனால் எழுந்து நின்று வரவேற்கிறார்கள்.

பில்லிங் அக்கா

ஐயா, அந்தப் பையனுக்கு ஹேண்ட்லிங் தொகையில் ஒரு ரூபாய் போவதில்லை. அவனுக்கு வண்டிக் கணக்கில்தான் ஊக்கத்தொகை. உங்களுக்காக எழுந்து நிற்பது அவன் நல்ல குணம்.

ஈரோடு வங்கிக்காரன்

நெல்லை நண்பருக்கு, கடன் பகுதியை யாரும் தொடவில்லையே. ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடன் ஆள் “எட்டு சதவீதம்தான்” என்றால் உடனே மகிழ வேண்டாம். அது ‘ஃப்ளாட்’ வட்டியா (வாங்கிய முழுக் கடனுக்கும் கடைசி வரை), கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கா என்று கேளுங்கள். ஆறு லட்சம், ஐந்து வருடம், ஃப்ளாட் எட்டு என்றால் வட்டி 2,40,000, மாதத் தவணை 14,000. வங்கியில் குறையும் நிலுவைக்கு ஒன்பது சதவீதம் என்றால் தவணை சுமார் 12,455, மொத்த வட்டி 1,47,300 அளவில். எட்டைவிட ஒன்பது 92 ஆயிரம் மலிவு! அந்த ஃப்ளாட் எட்டு உண்மையில் 14 சதவீதத்துக்கும் மேல். அக்கா சொன்ன வழியில் நாற்பதாயிரம் மிச்சம் பிடித்துவிட்டு இங்கே இருமடங்கை விட்டுவிடாதீர்கள். மனைவியின் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில் விசாரியுங்கள். பரிசீலனைக் கட்டணத்தையும் முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நெல்லைச் சீமை

அக்காவுக்கும் வங்கி அண்ணாச்சிக்கும் மிக்க நன்றி. இன்று போய்ப் பேசினேன். ஹேண்ட்லிங்கை எடுத்துவிட்டார்கள், மேலாளர் வந்து ஏதோ பெரிய மனது பண்ணியது போல நடித்தார். கிட்டும் போயிற்று, மிதியடி இலவசம். இன்சூரன்ஸை 39,000க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் உடனே பேச்சை மாற்றி, “சார், டாப் வேரியண்ட் 10,12,000தான், 1,38,000 மட்டும் கூட, சன்ரூஃப் இருக்கிறது, அதற்கு 30,000 தள்ளுபடி தருகிறோம்” என்கிறார்கள். மனைவிக்கு சன்ரூஃப் ஆசை. கூடவே அம்மாவின் மார்கழிப் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

பில்லிங் அக்கா

தம்பி, பத்து லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13இலிருந்து 18 சதவீதத்துக்குப் போய்விடும். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 10,12,000க்கு 1,82,160. உன் பழைய வரியைவிட 68,540 அதிகம். பத்து லட்சத்துக்கு மேல் விற்கும் காருக்கு ஒரு சதவீத டிசிஎஸ் (விற்கிறவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) வேறு பிடிப்பார்கள், 10,120. அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் இன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். ஆக 1,38,000 வித்தியாசம் என்றது 2,16,660 ஆகிறது, இன்சூரன்ஸ் உயர்வைச் சேர்க்காமலே. முப்பதாயிரம் தள்ளுபடி எங்கே போயிற்று பார்! சன்ரூஃப் வேண்டுமானால் வாங்கு, அது உன் மனைவி விருப்பம். ஆனால் ‘ஒன்றரை லட்சத்துக்குள்’ என்று நினைத்துக்கொண்டு வாங்காதே. பத்து லட்சத்துக்குள்ளேயே சன்ரூஃப் உள்ள இடைப்பட்ட வேரியண்ட் இருக்கிறதா என்று கேள்.

மார்கழி விஷயம். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வாங்குவோர் குறைவு. அதனால் ஷோரூமில் கை இளகும். மார்கழியோடு ஆண்டுக் கடைசியும் சேர்ந்தால் இன்னும் இளகும். கிடங்கில் நிற்கும் வண்டிக்கெல்லாம் டீலர் வட்டி கட்டுகிறார். ஜனவரி பிறந்தால் அது ‘போன வருட வண்டி’ ஆகிவிடும். அம்மா சொல்வதுபோலத் தை முதல் வாரத்தில் போனால் கூட்டமும் இருக்கும், பல கம்பெனிகள் ஜனவரியில் விலையும் ஏற்றும். சலுகை பில் போடும் தேதிக்குத்தான், முன்பணம் கட்டும் தேதிக்கு இல்லை. இதை அம்மாவிடம் எண்ணாகவே சொல்லிப் பார். கேட்காவிட்டால் தையிலேயே எடு. வீட்டில் வருத்தத்தோடு வரும் வண்டிக்குத் தள்ளுபடி எதற்கு?

டிசம்பரிலேயே எடுப்பதாக முடிவானால், 2025ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்பது பதிவுச் சான்றில் ஏறும். பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. மூன்று, நான்கு வருடத்தில் விற்கிறவன் யோசிக்க வேண்டும். அதிலும் எந்த மாதம் செய்த வண்டி என்று பார். நவம்பர் வண்டி வேறு, மார்ச்சில் செய்து வெயிலில் கிடந்த வண்டி வேறு. மார்ச் வண்டி என்றால் இன்னும் ஒரு பத்தாயிரம் கேட்க உனக்கு உரிமை உண்டு.

நெல்லைச் சீமை

எந்த மாதத்து வண்டி என்று கேட்டால், முழுப் பணம் கட்டிய பிறகுதான் சேஸிஸ் எண் ஒதுக்குவோம் என்கிறார்களே அக்கா?

பில்லிங் அக்கா

முழுப் பணம் கட்டாதே. முன்பணம் மட்டும் கட்டு, ரசீதில் “வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பின் மீதி” என்று எழுதி வாங்கு. பிறகு சேஸிஸ் எண்ணை வாங்கிக் கிடங்குக்கே போய்ப் பார். பெரும்பாலான கம்பெனிகளில் அந்த எண்ணின் பத்தாவது எழுத்து ஆண்டைச் சொல்லும், 2025க்கு ‘எஸ்’. மாதத்துக்குப் படிவம் 22ஐக் கேள், ஆலை தரும் சான்று, தயாரிப்பு மாதம் பெரும்பாலும் அதில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் பெயிண்ட், நான்கு டயரிலும் உற்பத்தி வாரம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், ஏசி எல்லாம் பார். பதிவுக்கு முன் குறை சொன்னால் வண்டியை மாற்றுவார்கள், பதிந்துவிட்டால் சரிசெய்து தருவோம் என்பார்கள்.

மறுத்தால் நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ அதே கம்பெனியின் வேறு டீலரிடம் ஒரு கொட்டேஷன் வாங்கி, இந்த மேலாளர் மேசையில் வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வா. மாதக் கடைசி வாரத்தில் போ, காலையில் போ. பேசி முடித்த தள்ளுபடி பில்லில் தனி வரியாக வரவேண்டும். பிறகு பணமாகத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதே.