மவுன்டன் பைக்கும் கால்ட்ரெயினும்: தினமும் ஆபீஸ் போக ஒத்துவருமா?

தடம்29:
கால்ட்ரெயினில் (கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் ஓடும் ரயில்) சன்னிவேலில் ஏறி சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கும் வேலை, வாரம் நாலு நாள். வீட்டுப் பக்கம் ஸ்டேஷனுக்கு 4 கி.மீ., ஆபீஸ் பக்கம் 3 கி.மீ. கையில் இருப்பது 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுன்டன் பைக்) ஒன்றுதான்: 780 மி.மீ. ஹேண்டில்பார், 2.4 டயர், 1x12 கியர் (முன்னால் 32 பல், பின்னால் 10-51), ஹைட்ராலிக் டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு), முள் வைத்த பிளாட் பெடல். ரோட்டுக்கென்று இன்னொரு சைக்கிள் வாங்க மனசில்லை. திரும்பும்போது வாரம் ஒரு நாள் பெல்மான்ட்டில் இறங்கி வாட்டர் டாக் ஏரிப் பக்கம் மலைப்பாதையில் ஓட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்று எண்ணம். ரயில் ஸ்டாண்டில் இது உட்காருமா? ரோட்டில் கியர் பத்துமா? வேறு என்ன பார்க்கணும்?

கடைசிப்பெட்டி:
உட்காரும். நீளம் 80 இன்ச்சுக்குள் என்பதுதான் விதி, உங்கள் வண்டி அதற்கு உள்ளேதான் வரும். தனிக் கட்டணமும் இல்லை. 2024 செப்டம்பரில் முழுமையாக ஓடத் தொடங்கிய மின்சார வண்டிகளில் சைக்கிள் பெட்டி இரண்டு, மொத்தம் 72 சைக்கிள். நிரம்பிவிட்டால் அடுத்த வண்டிதான், வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை.

சிக்கல் நீளத்தில் இல்லை, அடுக்கில். ஒரு ஸ்டாண்டில் நாலு சைக்கிளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து எலாஸ்டிக் கயிறு போடுவார்கள். கடைசியில் இறங்குபவர் சைக்கிள் உள்ளே, முதலில் இறங்குபவருடையது வெளியே. அதற்காகத்தான் இறங்கும் ஸ்டேஷன் பெயர் எழுதிய அட்டையை மாட்டச் சொல்கிறார்கள். காலையில் நீங்கள் கடைசி ஸ்டேஷன் வரை போவதால் உள்ளே வைக்கலாம். பெல்மான்ட் நாளில் வெளியே. மாலைக்கான அட்டையை இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் சன்னிவேல், மறுபக்கம் பெல்மான்ட். திருப்ப மறந்தால் உங்கள் சைக்கிள்மேல் மூன்று சைக்கிள் ஏறியிருக்கும்.

கவனிக்க வேண்டியது ரியர் டிரெய்லியர், அதாவது பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி. ஏறுமுன் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றி நிறுத்துங்கள், டிரெய்லியர் சக்கரத்தை ஒட்டி உள்ளே போய்விடும். சின்னப் பல்லில் விட்டால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பக்கத்து பெடல் அதில் சாய்ந்து ஹேங்கர் (டிரெய்லியரை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு) வளையும். பிறகு பெரிய பல்லில் கியர் போடும்போது டிரெய்லியர் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையே தின்றுவிடும். உள்ளே முதல் ஆளாக வைத்தால் வலப்பக்கத்தைச் சுவர்ப்பக்கம் வையுங்கள். மாற்று ஹேங்கர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். ஃபிரேம் யூடிஎச் (பல கம்பெனிக்கும் பொதுவான ஹேங்கர்) வகை என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும், இல்லையென்றால் உங்கள் மாடலுக்கென்று தேடித்தான் வாங்கணும்.

பல்சக்கரம்:
கியர் தாராளமாகப் பத்தும். 29 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர். 32க்கு 10 என்றால் ஒரு மிதிக்கு 7.36 மீட்டர், நிமிஷத்துக்கு 90 மிதியில் மணிக்கு கிட்டத்தட்ட 40 கி.மீ. ஊருக்குள் அதற்கு மேல் என்ன வேண்டும்? முன்னால் பெரிய செயின்ரிங் (பல்சக்கரம்) போட்டு மலையில் அவதிப்படாதீர்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் டயர். நடுவில் கட்டைகள் நெருக்கமாக உள்ள 2.25 அல்லது 2.35 இன்ச் எக்ஸ்சி (கிராஸ் கன்ட்ரி) டயருக்கு மாறினாலே பாதி இரைச்சல் போய்விடும். 70-75 கிலோ ஆளுக்கு, டியூப்லெஸ்ஸில், ரோட்டுக்கு 28-30 பிஎஸ்ஐ காற்றழுத்தம், மண்ணுக்கு 22-24. பெல்மான்ட்டில் இறங்கியதும் கேஜ் வைத்துக் காற்றை இறக்குங்கள். வீட்டில் ஃபுளோர் பம்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

டியூப் போட்டு ஓட்டவே வேண்டாம். வளைகுடாப் பக்கப் பாதைகளில் கோட்ஹெட் முள் கிடக்கும். வேறொன்றுமில்லை, நம்ம ஊர் நெருஞ்சிதான், அதே செடி. டியூபுக்கு அதுவே எமன். டியூப்லெஸ் என்றால் 29 இன்ச் டயருக்கு 100-120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). இந்த வறண்ட ஊரில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், 60 மி.லி. மேல்நிரப்புங்கள். குத்திய முள்ளை நடுவழியில் பிடுங்கக்கூடாது. வீட்டுக்கு வந்து பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்.

ஆறுமில்லி:
780 பாரை 740க்கு வெட்டிவிடுங்க. அடுக்கில் மற்றவர் கேபிளில் மாட்டுவது அதுதான்.

கடைசிப்பெட்டி:
உடனே வெட்டச் சொல்லாதீர்கள். முதலில் கிரிப், பிரேக் லீவர் எல்லாவற்றையும் பக்கத்துக்கு 20 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டட்டும். மலையிலும் பிடித்திருந்தால் வெட்டலாம். அலுமினியம் என்றால் பைப் கட்டர் போதும், பிசிறை அரம் போட்டுத் தேய்க்கணும். கார்பன் என்றால் டேப் சுற்றி, நுண்பல் வாளால், ஈரத்துணி வைத்து அறுக்கணும், தூசியை மூச்சில் விடக்கூடாது. வெட்டப் பிடிக்காவிட்டாலும் கெடுதலில்லை: பக்கத்து சைக்கிள் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் முன்பக்கம் வரும்படி தலைமாற்றி வைத்தால் பார் பாருடன் மோதாது.

ஆறுமில்லி:
சரி, ஒத்துக்கிறேன். பார் எண்ட் பிளக் மட்டும் மறக்க வேண்டாம். மூடாத குழாய் முனை யார் வயிற்றிலாவது குத்தும்.

தடம்29:
நன்றிங்க. டிராப்பரை இறக்கி வைப்பதா, ஏற்றி வைப்பதா? டிக்கெட்டை எப்படிப் பார்ப்பது?

பல்சக்கரம்:
ஏற்றியே வையுங்கள். பெட்டியில் படி ஏறணும், தூக்கும்போது கை தானாக சீட்டுக்குத்தான் போகும். இறக்கிய ஹைட்ராலிக் டிராப்பரை சீட்டைப் பிடித்துத் தூக்கினால் எண்ணெய்க்குள் காற்று புகுந்து, உட்கார்ந்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். டாப் டியூபைப் பிடித்துத் தூக்குங்கள். எலாஸ்டிக் கயிறும் ஃபிரேமில் மட்டும். ரோட்டர் (பிரேக் தட்டு), பிரேக் ஹோஸ், சக்கரக் கம்பி எதிலும் கொக்கி போடாதீர்கள். ரோட்டர் கொஞ்சம் வளைந்தாலே சரக் சரக் என்று உரசும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு, அதை வைத்து ரோட்டரை மெல்ல நிமிர்த்தலாம்.

முள் பெடலுக்குப் பழைய சாக்ஸ் ஒன்று மாட்டுங்கள். செயினுக்கு எண்ணெயைவிட மெழுகு நல்லது, பக்கத்து ஆள் பேன்ட் தப்பிக்கும்.

கடைசிப்பெட்டி:
டிக்கெட்: சன்னிவேல் 3ஆம் மண்டலம், பெல்மான்ட் 2, சான் ஃபிரான்சிஸ்கோ 1. மூன்று மண்டல மாதப் பாஸ் இருந்தால் நடுவில் இறங்கி ஏறுவதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம். கிளிப்பரில் (பயணக் கட்டண அட்டை) ஒவ்வொரு பயணமாகக் கழிப்பவர் என்றால் இரண்டு பயணமாகக் கணக்காகும். எக்ஸ்பிரஸ் பெல்மான்ட்டில் நிற்காது, லோக்கல் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து ரால்ஸ்டன் வழியாக ஏறினால் ஏரி மூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் இந்தத் திட்டம் படுத்துவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மிட்பென் (இந்தப் பக்கத்து மலைக்காடுகளைப் பராமரிக்கும் அமைப்பு) காடுகளையும் சூரியன் மறைந்து அரை மணியில் மூடிவிடுவார்கள். மழை பெய்தால் வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள், ஈரக் களிமண்ணில் ஒரு தடவை ஓட்டிய சக்கரத் தடம் வெயில்காலம் வரை கல்லாக நிற்கும். அந்த மாதங்களில் ரோட்டு டயரோடு நேரே வீட்டுக்குத்தான். இருட்டில் முன்விளக்கு 300 அடிக்குத் தெரியணும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் 500 அடிக்கு. அது சட்டம். மின்னும் சிவப்பு விளக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள்.